முதுகில் வந்த கதை

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் திசையில் உள்ளது எங்கள் பொட்டிபுரம். ஊரைக் கடந்தால் மானாவாரிப் புன்செய் நிலங்கள். அவற்றின் எல்லையில் அம்பரப்பர் மலை. அதற்கும் அப்பால் மேகம் தவழும் ஏலமலைகள். வைகறைப் பொழுதில் எங்கள் வட்டாரத்து மகளிரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏலத்தோட்டங்களை நோக்கி மலையேறும், மாலையில் இறங்கும். மலையில் விளைந்த ஏலக்காய் போடிநாயக்கனூருக்கு வந்து ஏலம் போகும். ஏலத்திற்கு வைக்கப்படும் ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் உண்டு. அது யாருடைய சரக்கு என்னும் கணக்கும் உண்டு. உடையவர் இன்னார் என்று தெரியாத சரக்கு அங்கே விலை பெறாது.

அதே மலையிலிருந்து யானும் ஒரு முறை ஒரு பொருளைக் கொண்டு வந்தேன். அதற்கு எண்ணும் இல்லை. உடையவர் பெயரும் இல்லை. அது ஏலக்காய் அன்று, ஒரு கதை. உடையவர் பெயரின்றி அதனை நாற்பது ஆண்டுகள் என்னிடம் வைத்திருந்தேன். அது குற்றம் என்பதை எனக்கு உணர்த்தியவள் ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் பேத்தி.

ஒரு கோடை விடுமுறையில் அவள் சென்னையிலிருந்து இரயில் வண்டியில் போடிக்கு வந்தாள். பெட்டியில் உடைகளைக் காட்டிலும் புத்தகங்களே மிகுதியாக இருந்தன. அவற்றுள் இரண்டு படக்கதை நூல்களை என் முன் விரித்தாள். ஒன்று, சென்னையிலுள்ள தாரா பதிப்பகத்தார் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட நூல். இரவில் மரங்கள் வாழும் வாழ்வைக் கூறுவது அது. கறுப்புத் தாளின்மீது மரங்கள் ஒளிவிட்டு நின்றன. கிளைகளிலே மானும் பாம்பும் பறவையும் பின்னிக் கிடந்தன. கையால் செய்த தாளில், திரை அச்சு முறையில், ஒவ்வொரு வண்ணமாகக் கையாலேயே அச்சிட்டிருந்தார்கள். மற்றொன்று ஆஸ்திரேலிய நாட்டு நூல்; வானவில் பாம்பின் கதை. அப்பெரும் பாம்பு தன் இனத்தாரைத் தேடி ஊர்ந்து சென்ற தடங்களே ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் ஆயின என்று அந்நாட்டுத் தொல்குடியினர் வழங்கும் கதை அது.

படங்களைக் கண்டு யான் வியந்துகொண்டிருக்கையில், பேத்தி ஏடுகளைப் புரட்டி முன்பக்கத்தைக் காட்டினாள். "தாத்தா, பெயர்களைப் பாருங்கள்" என்றாள். மரங்களின் நூலில் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி என்னும் மூவர் பெயர்கள் இருந்தன. மூவரும் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மரபினர். வானவில் பாம்பின் நூலில் டிக் ரஃப்சி என்ற பெயர் இருந்தது. அவர் மார்னிங்டன் தீவில் வாழ்ந்த லார்டில் குடியைச் சேர்ந்தவர். 1975ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிறந்த படநூலுக்குரிய பரிசைப் பெற்றது.

"தாத்தா, நம் மலையிலும் கதைகள் உண்டு அல்லவா? நாமும் ஒரு படநூல் செய்வோம். நீங்கள் கதை கொடுங்கள், நான் படம் வரைகிறேன்" என்றாள் அவள்.

எனக்கு உள்ளம் பூரித்தது. உள்ளே சென்று, பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து, 1985ஆம் ஆண்டின் பள்ளி ஆண்டுமலர் ஒன்றை எடுத்து வந்தேன். அதில் 'மலை நாட்டு முதுவர்' என்னும் என் கட்டுரை நான்கு பக்கங்களில் அச்சாகியிருந்தது. தலைப்பின் கீழே என் பெயரும், புலவர் என்னும் என் பட்டமும் பெரிய எழுத்தில் இருந்தன. பேத்தி ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு, "கதை நன்றாக இருக்கிறது, தாத்தா. இதைச் சொன்னவர் யார்? முன்பக்கத்தில் அவர் பெயரை முதலில் எழுத வேண்டும்" என்றாள்.

யான் வாய் திறந்தேன், சொல் வரவில்லை. பெயரை மறந்துவிட்டேன் என்று கூறுவதும் பொய்யாகும். அப்பெயரை யான் கேட்கவே இல்லை.

மாணவர்களே! நிகழ்ந்ததைக் கூறுகிறேன். யான் தமிழாசிரியனாகப் பணியேற்ற புதிதில், இளமையின் துடிப்பும் புலவர்ப் பட்டத்தின் செருக்கும் என்பால் ஒருசேர இருந்தன. ஒரு விடுமுறையில் போடியிலிருந்து குரங்கணி சென்று, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் மலையேறி, முதுவர் வாழும் குடி ஒன்றை அடைந்தேன். முதுவர் தம் சிற்றூரைக் 'குடி' என்றே வழங்குவர். தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவர் என்னை வரவேற்றுக் கேப்பைக் களி கொடுத்தார். இரவு குளிர் மிகுந்தது. தீ மூட்டி, அதன் அருகில் அமர்ந்து, தம் முன்னோர் கதையை அவர் சொன்னார்.

"நாங்கள் மதுரைக்காரர்கள். பாண்டியன் அரசு அழிந்த காலத்தில் எங்கள் முன்னோர் ஊரை விட்டு வெளியேறினார்கள். மீனாட்சியின் திருவுருவத்தைக் கைவிட மனம் வரவில்லை. முதுகில் கட்டிக்கொண்டார்கள். நடக்க இயலாத குழந்தைகளையும் முதுகில் கட்டிக்கொண்டார்கள். போடி வழியாக இந்த மலைக்கு ஏறினார்கள். முதுகில் சுமந்து வந்ததனால் நாங்கள் முதுவர்" என்றார் அவர். அவர் அதனைக் கூறி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. எந்தப் பாறையில் இளைப்பாறினார்கள், எந்த ஓடையில் நீர் பருகினார்கள் என்பதை எல்லாம் நேரிற் கண்டவர் போலவே விளக்கினார். விடியற்காலையில் விடைபெறும்போது, "வாத்தியாரே, அச்சானால் ஒரு புத்தகம் கொடுத்தனுப்புங்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, பிள்ளைகள் படிப்பார்கள்" என்றார். "அப்படியே செய்கிறேன், ஐயா" என்று யானும் சொல்லி வந்தேன்.

ஊருக்குத் திரும்பி எழுத அமர்ந்தபோது என் புலமை குறுக்கே வந்து நின்றது. முதுகிலிருந்து முதுவர் என்னும் பெயர் வந்தது என்பது பாமரர் கூற்று. 'முது' என்னும் அடியிலிருந்து பிறந்ததே அச்சொல். அதன் பொருள் தொல்குடியினர் என்பதே. இவ்வாறு எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அதனால் முதுகைப் பற்றிய பகுதி முழுவதையும் நீக்கினேன். அம்மட்டில் நின்றேனில்லை. கூடல் நகரத் தெய்வத்தை முதுகிற் சுமந்தார்கள் என்பது பெருமைக்குரியதாக எனக்குத் தோன்றவில்லை. எனவே, பொன் வேய்ந்த பல்லக்கில் ஏற்றி, முரசு முழங்க மலைக்குக் கொண்டு சென்றார்கள் என்று எழுதினேன். தலைமையாசிரியர் பாராட்டினார். கட்டுரை அச்சாயிற்று. முதியவருக்குப் படி அனுப்பும் செய்தி என் நினைவை விட்டே அகன்றது.

ஆண்டுமலர் வெளிவந்த வாரத்தில், அக்கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். விடுதியில் தங்கிப் பயின்ற முதுவர் குடிச் சிறுவன் ஒருவன் பின்வரிசையில் இருந்தான். அதுவரை வகுப்பில் வாய் திறந்தறியாதவன் அன்று எழுந்து நின்றான்.

"ஐயா, எங்கள் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். பல்லக்கு எப்படிப் போயிற்று? முதுகில்தானே கட்டிக்கொண்டு போனார்கள்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பு என்னைப் பற்றியதோ, அவனைப் பற்றியதோ, யான் அறியேன். என்னைப் பற்றியது என்றே கொண்டு சினந்தேன். "இலக்கியத்தில் கற்பனைக்கு இடமுண்டு. இலக்கணம் அறியாமல் வினவாதே, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் மீண்டும் எழுந்து நிற்கவில்லை. தன் பாட்டன் கதையைத் தன் கண்முன்னே மாற்றிவிட்டு, மாற்றியதே சரி என்று ஓர் ஆசிரியர் சாதித்தால், அச்சிறுவன் இனி எதனை நம்பி எழுந்து நிற்பான்?

இவற்றையெல்லாம் பேத்தியிடம் ஒளியாமற் கூறினேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இப்படி வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது, தாத்தா" என்று கூறி, ஆஸ்திரேலிய நாட்டுச் செய்தி ஒன்றைச் சொன்னாள். அதனைப் பின்னர் யானும் தேடிப் படித்தறிந்தேன்.

டேவிட் உனைப்பன் என்பார் தென் ஆஸ்திரேலியாவில் 1872ஆம் ஆண்டு பிறந்தவர். ஙாரின்ஜெரி என்னும் தொல்குடியினர். எழுத்தாளர், புதியன இயற்றும் அறிவாளர். 1920ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அவர் தொல்குடியினரின் கதைகளைத் தொகுத்து எழுதினார். பதிப்பகத்தார் அவருடைய கையெழுத்துப் படிகளை வில்லியம் ராம்சே ஸ்மித் என்னும் மருத்துவருக்கு விற்றுவிட்டனர். 1930ஆம் ஆண்டு அக்கதைகள் இலண்டனில் நூலாயின. நூலின்மீது ஸ்மித்தின் பெயர் இருந்தது. உனைப்பன் பெயர் இல்லை. உனைப்பன் 1967ஆம் ஆண்டு மறைந்தார். 1995ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு தன் ஐம்பது டாலர்த் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. ஆயினும், அவருடைய கதைகள் அவர் பெயரிலேயே நூலாக வெளிவந்தது 2001ஆம் ஆண்டிலேதான். ஒரு பெயர் தன் நூலின் முகப்பை அடைய எழுபத்தோர் ஆண்டுகள் ஆயின!

உனைப்பனுக்கு நேர்ந்ததை அறிந்தபின், மரங்களின் நூலில் உள்ள மூன்று பெயர்களின் அருமை எனக்கு விளங்கிற்று. கோண்டு மக்களுள் பர்தான் என்னும் பிரிவினர் வழிவழியாகப் பாணர்கள். நம் சங்க காலத்துப் பாணர் யாழ் இசைத்துப் பாடியது போல, 'பானா' என்னும் நரம்புக் கருவியை இசைத்துக் குலக்கதைகளைப் பாடுவோர். அவர்கள் பாட்டாகக் காத்த கதைகளை ஓவியமாக்கித் தாளிலும் துணியிலும் தீட்டி உலகறியச் செய்தவர் பாடன்கட் என்னும் சிற்றூரிற் பிறந்த ஜங்கர் சிங் ஷியாம். அவர் 2001ஆம் ஆண்டு மறைந்தார். அவர்பாற் பயின்ற உறவினரே பஜ்ஜு ஷியாம். கதையும் அவர்களுடையது, கோடும் வண்ணமும் அவர்களுடையன, எனவே, பெயரும் அவர்களுடையது. பஜ்ஜு ஷியாமுக்கு 2018ஆம் ஆண்டிலும், துர்கா பாய்க்கு 2022ஆம் ஆண்டிலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பெயரை மறைத்திருந்தால் அப்பெருமை அவர்களை எங்ஙனம் தேடி வந்திருக்கும்?

நிற்க. இவ்வறம் அயல்நாட்டிலிருந்து நாம் கற்க வேண்டுவதும் அன்று. நன்னூலின் பாயிரத்தை ஆண்டுதோறும் நடத்தியவன் யான். சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய பொருள்கள் எட்டு என்று மாணவர் மனத்தில் பதியும்படி சொல்லிக் கொடுத்தவன். அவ்வெட்டனுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது அந்நூல் எங்கிருந்து வந்தது என்பது. நூலின் பெயர்கூட நான்காவதாகத்தான் வருகின்றது. யாரிடமிருந்து, எவ்வழியாக வந்தது என்பதைக் கூறிய பின்னரே நூலுக்குள் நுழைய வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட முறை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் தம் பதிப்புகளின் முகவுரைகளில், ஏடு தந்து உதவியவர்களையும் அவர்களுடைய ஊர்களையும் நன்றியோடு குறித்திருக்கிறார். பனையோலையைக் காத்து வைத்திருந்தவருக்கு அத்துணைச் சிறப்பு உண்டு எனின், ஓலையும் எழுத்தாணியும் இன்றித் தம் நெஞ்சையே ஏடாகக் கொண்டு கதையைக் காத்து வந்த மலைவாழ் முதியவருக்கு எத்துணைச் சிறப்புச் செய்தல் வேண்டும்!

சிலப்பதிகாரம் பிறந்த வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். வேங்கை மர நிழலில் ஒரு பெண்ணைக் கண்ட காட்சியை முதலிற் சொன்னவர்கள் புலவர்களா? அல்லர், குன்றக் குறவர்கள். மலைவளம் காணச் சென்ற சேரன் செங்குட்டுவன் முன் அவர்கள் தம் மலைப்பொருள்களைக் கையுறையாக வைத்தார்கள். அப்பொருள்களின் வரிசையில் யானைக் கொம்பும் தேனும் மிளகும் உள்ளன. நம் ஏலமும் உள்ளது. அவற்றோடு அவர்கள் தந்த செய்தியே கண்ணகி விண்ணேறிய செய்தி. மலைமக்கள் கண்டதைக் கண்டவாறு கூறினார்கள். இளங்கோவடிகளும் அச்செய்தி குறவர் வாய்மொழியாக வந்தது என்பதை மறைத்தாரில்லை. நம் தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இன்றும் கண்ணகி கோயில் இருக்கின்றது. சித்திரை முழுநிலா நாளில் மக்கள் அங்கே மலையேறிச் சென்று வழிபடுகின்றனர். முதுவர் குடிகள் சிலவற்றில், கண்ணகியின் தீயினால் மதுரை எரிந்தபோதே தம் முன்னோர் வெளியேறினர் என்றும் கதை வழங்குகின்றது. காப்பியமும் வாய்மொழிக் கதையும் நம் மலையில் இவ்வாறு கைகோத்து நிற்கின்றன.

இன்னொன்றும் என் நெஞ்சைச் சுட்டது. பழைய நூல்களில் பிற்காலத்தார் தம் சொற்களைப் புகுத்துவதை இடைச்செருகல் என்று இகழ்ந்து எத்தனையோ பாடங்கள் நடத்தியிருக்கிறேன். மூலம் வேறு, உரை வேறு. உரையாசிரியர் தம் கருத்தை உரையில் எழுதலாம். மூலத்திற் கை வைத்தல் ஆகாது. 'முது' என்னும் அடிச்சொல்லைப் பற்றிய என் கருத்து, சரியாயினும் தவறாயினும், உரையில் நிற்க வேண்டியது. யானோ மூலத்தையே திருத்தினேன். பொன் வேய்ந்த பல்லக்கு என் இடைச்செருகல்.

இவ்வெண்ணங்கள் என்னை உறங்க விடவில்லை. ஒரு நாள் பேத்தியையும் அழைத்துக்கொண்டு, வேண்டிய இசைவு பெற்று, மீண்டும் அம்மலைக்கு ஏறினேன். இளமையில் இரண்டு இடங்களில் இளைப்பாறிய யான், இப்போது இருபது இடங்களில் அமர்ந்தேன். பாதை இன்றும் குறுகியதே. எனக்கு முன்னே விறகுடன் சென்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகவே சென்றார்கள். பின்வரிசைச் சிறுவன் அன்று வினவிய வினா அடிக்கு அடி என் காதில் ஒலித்தது.

குடியை அடைந்தோம். முதியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின என்றனர். அவருடைய மகள் இருந்தார். அவருக்கும் அறுபது வயதைக் கடந்திருக்கும். தம் மகளுடைய குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். யான் இன்னான் என்று கூறத் தொடங்கியதும் என்னை உற்று நோக்கினார்.

"நீங்கள் அந்த வாத்தியாரா? கதையை எழுதிக்கொண்டு போனீர்களே! புத்தகம் வரும், புத்தகம் வரும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றார்.

அக்குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். யான் பையிலிருந்து ஆண்டுமலரை எடுத்து இரு கைகளாலும் அவரிடம் கொடுத்தேன். "அம்மா, நாற்பது ஆண்டுகள் தாழ்த்துக் கொண்டு வந்திருக்கிறேன். இதில் உங்கள் தந்தையார் பெயர் இல்லை; அவர் சொன்னதும் முழுமையாக இல்லை. பிழை என்னுடையது" என்றேன்.

இளைஞர் ஒருவர் அதனை உரக்கப் படித்தார். குடியினர் சூழ்ந்து நின்று கேட்டனர். பல்லக்கு வந்த இடத்தில் ஒரு கிழவர் நகைத்தார். பிறகு எல்லாரும் நகைத்தனர். "இந்த வழியில் பல்லக்கா!" என்று அவ்வம்மையாரும் வாய்விட்டுச் சிரித்தார். இம்முறை அச்சிரிப்பு என்னைப் பற்றியது என்பதில் ஐயமே இல்லை. யானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலும் அவ்வாறே சிரித்திருக்கலாகாதா!

அதன்பின் அம்மையார் கதையைச் சொன்னார். நடுவில் ஒருவர் குறுக்கிட்டு, "திருவுருவத்தைத்தான் சுமந்தார்கள்" என்றார். மற்றொருவர், "குழந்தைகளைத்தான்" என்றார். யான் பழக்கத்தால் எது சரி என்று வினவப் புகுந்தேன். பேத்தி என் கையை மெல்லத் தொட்டாள். இரண்டையும் எழுதிக்கொண்டோம். ஏடுகளிலே பாடவேறுபாடு கண்டால் இரண்டையும் குறிப்பதுதானே முறை! ஓரிடத்தில் அம்மையார் ஒரு பாட்டைத் தொடங்கி, உடனே நிறுத்தி, "இது எழுதுவதற்கு இல்லை, வாத்தியார் ஐயா" என்றார். யான் எழுதுகோலைக் கீழே வைத்தேன். ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடத்தும் எல்லாக் கதைகளும் எல்லார்க்கும் உரியன அல்ல. சில கதைகளை இன்னார்தான் சொல்லலாம், இன்ன இடத்தில்தான் சொல்லலாம் என்னும் வரையறை உண்டு. கதையைப் பெறுவோன் கேட்க வேண்டுவது கதையை மட்டும் அன்று. இசைவையும் கேட்க வேண்டும்.

இறுதியாக, யான் மலையேறி வந்ததற்குக் காரணமான வினாவைக் கேட்டேன். "அம்மா, உங்கள் தந்தையார் பெயர் என்ன?" அவர் சொன்னார். சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "புத்தகத்தில் போடுங்கள். அவர் தம் தாயிடம் கேட்ட கதை இது. அவர் பெயரையும் போடுங்கள். வேறு எதிலாவது எழுதுவதாக இருந்தால் எங்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்" என்றார்.

மூன்று நாள்கள் அங்கே போக்குவரவு செய்தோம். குடியின் சிறுவர் சிறுமியர் படம் வரைந்தனர். பேத்தி அவர்களோடு அமர்ந்து வண்ணம் தீட்டினாள். பதினாறு பக்கங்களில், நூல்கொண்டு தைத்த இரண்டு படிகள் உருவாயின. முன்பக்கத்தில் முதற்கண் கதை வழங்கியவர்களின் பெயர்கள். அடுத்து, அதனை இப்போது சொன்ன அம்மையாரின் பெயர். அடுத்து, படம் வரைந்த குழந்தைகளின் பெயர்கள். எல்லாவற்றிற்கும் கீழே, 'கேட்டு எழுதியவர்' என்று என் பெயர். சொல்லாராய்ச்சி பற்றிய என் கருத்தைப் பேத்தி கடைசிப் பக்கத்தில் சிறு குறிப்பாக எழுத இசைந்தாள்; அதற்கும் குடியினரிடம் ஒப்புதல் பெற்ற பின்னரே இசைந்தாள். ஒரு படி குடியில் இருக்கின்றது; மற்றொன்று பேத்தியிடம் இருக்கின்றது.

பல்லக்கைப் பற்றி வினவிய மாணவனைக் குறித்தும் கேட்டேன். அவன் பிழைப்பை நாடிக் கேரளப் பகுதிக்குச் சென்று அங்கேயே வாழ்கின்றான் என்றனர். அவனிடம் யான் கூற வேண்டிய சொல் இன்னும் எஞ்சியிருக்கின்றது. நூலைப் பற்றிய செய்தியை அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நாங்கள் இறங்கிய நாளில் அம்மையார் ஓடை வரையில் வழிகாட்டி வந்தார். குறுகிய பாதையில் அவர் முன்னே நடக்க, முதுகில் துணிக்குள் இருந்த குழந்தை தலையைத் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டு வந்தது. எந்தச் சொல்லை இலக்கணம் அறியாதார் கூற்று என்று நீக்கினேனோ, அது என் கண்முன்னே உயிரோடு நடந்து சென்றது.

அன்புள்ள மாணவர்களே! தமிழ்நாட்டில் பட்டியலிடப்பெற்ற பழங்குடிகள் முப்பத்தேழு. ஒவ்வொரு குடியும் தனக்கெனக் கதைகளைக் காத்து வருகின்றது. அவற்றை வண்ணப் படங்களோடு நூலாக்கும் நாள் உங்களுக்கும் வரலாம். அப்போது முதலில் கதையைக் கேளாதீர்கள். சொல்பவர் பெயரைக் கேளுங்கள். எழுதலாமா என்று கேளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அச்சானால் முதற்படியை அவர் கையிற் சேர்ப்பியுங்கள்.

அம்முதியவரின் பெயர் யாது என்று நீங்கள் வினவலாம். அதனை இங்கே எழுத யான் இசைவு பெறவில்லை. அது குடியில் உள்ள நூலின் முதற்பக்கத்தில் இருக்கின்றது.